நான்காவது ஊசி

குதாயிசி. நவம்பர். இரவு ஒன்றேகால்.
ரியோனி ஆறு பாலத்தடியில் சத்தமில்லாமல் போகிறது.
சத்தமெல்லாம் என் மேசைக்கு அடியில்.

நீதிமன்றக் காகிதங்களை மொழிபெயர்க்கிறவள் நான்,
பக்கக் கணக்கில் கூலி.
மகன் தூங்கியபின் பெட்டியைப் போட்டால்
மலையேறும் பஸ்போல் உறுமத் தொடங்குகிறது.
ஒரு பத்தி தட்டினாலும் அதே உறுமல்,
கன்னத்தில் கைவைத்துச் சும்மா இருந்தாலும் அதே.

மேல்வீட்டுத் தரையில் டக், டக், டக்.
கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.
மன்னித்துக்கொள் லம்சீரா, என்கிறேன் கூரையைப் பார்த்து.
இது ஏழாவது மாதம்.
படிக்கட்டில் அவள் வந்தால்
கைப்பையில் சாவி தேடுகிறவளாகிவிடுவேன்.

தூசி தட்டிப் பார்த்தாயிற்று, பழைய பல் பிரஷ்ஷால்.
பிராசஸருக்குப் புதுப் பசை.
சூடு முப்பத்தெட்டைத் தாண்டவில்லை,
பச்சைப்பிள்ளையின் நெற்றிபோல.
பக்கத்தகட்டைக் கழற்றி
ஒவ்வொரு காற்றாடியின் நடுக்குமிழையும் விரலால் அமுக்கினேன்.
பின்பக்கத்தது நின்றதும்
அறை சட்டென்று பெரிதானது.
விரலை எடுத்தேன். மறுபடி சிறுத்தது.

பயாஸுக்குள் நீல வளைகோடு.
இழுத்துத் தாழ்த்தினேன், இன்னும் தாழ்த்தினேன்.
இருபது சதவீதம் என்கிறது பலகை.
நிமிடத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் சுற்று என்கிறது காற்றாடி.
இரண்டும் ஒரே திரையில், ஒரே வெள்ளை எழுத்தில்,
ஒன்றையொன்று பார்க்காமல்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக் குனிந்தேன்.
எச்சில் ஒழுகியது, போகட்டும்.
பலகையில் நான்கு ஊசி.
செருகியில் மூன்றே துளை.
மேராபின் செத்த கணினியிலிருந்து பிடுங்கியது அது,
ஏப்ரலில், காசு மிச்சமென்று.
கறுப்பு தரைக்கு, சிவப்பு மின்சாரத்துக்கு,
'இத்தனை சுற்றினேன்' என்று திரும்பச் சொல்ல மஞ்சள்.
நான்காவது ஊசி தனியாக வெளியே நின்று பளபளத்தது.

மெதுவாக, மெதுவாக, மெதுவாக என்று
நொடிக்கு இருபத்தையாயிரம் தடவை
அந்த ஊசியில்தான் பலகை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
வாங்கிக்கொள்ள அங்கே கம்பி இல்லை.
பன்னிரண்டு வோல்ட்டும் முழுசாக வருகிறது,
சுற்றுகிறது. வேறென்ன செய்யும்?

மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்:
பிடபிள்யூஎம் என்றிருந்ததை டிசி ஆக்கினேன்.
இனிமேல் சொல்ல வேண்டாம், வோல்ட்டையே குறை.
நான்குக்கு இறக்கினால் இறக்கை துடித்து நின்றுவிட்டது.
ஐந்தரையில்
மெல்ல, மனசில்லாமல், எடுத்தது.
சேமித்தேன்.

பிரிட்ஜ் கேட்டது.
மகன் புரண்டது கேட்டது.
அப்புறம், ஜன்னலுக்கு வெகு கீழே, ஆறு.
கல்லில் கல் உருள ஓடிக்கொண்டிருந்தது
ஏழு மாதமாய்.

டக், டக், டக்.
கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.

காலுறையோடு மாடியேறினேன்.
கதவைத் திறந்தவள் கையில் சின்னச் சுத்தியல்,
ஸ்வெட்டரெல்லாம் ஓட்டுச் சிதறல்.
தரையில் செய்தித்தாள், அதன்மேல் பலகை,
ஒரு பேசின் நிறைய வால்நட்.
பகலில் மருந்துக்கடை, இரவில் இது;
உடைத்த பருப்புக்குச் சந்தையில் நல்ல விலை.

நான் வாயெடுப்பதற்குள் அவள்:
"மன்னித்துக்கொள், நெஸ்தான்.
நான் சுத்தியலை எடுத்தாலே
நீ அந்த மெஷினைப் போட்டுவிடுவாய்.
கோபமென்று தெரியும்.
என்ன செய்ய, எனக்குக் கிடைப்பது இந்த நேரம்தான்.
இன்றைக்குச் சத்தத்தைக் காணோம்.
உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனேன்."

சிரிப்பு வரவில்லை உடனே.
உட்கார்ந்தேன்.
கீழே பதினான்காம் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றது,
இரண்டு சகோதரர்களின் வேலித் தகராறு.
இறைச்சி தட்டும் கட்டையை என் பக்கம் தள்ளினாள்.
முதல் கொட்டை நசுங்கிப் பொடியானது.
இரண்டாவது நேராகப் பிளந்தது.

இரண்டரை இருக்கும்.
வெந்நீர்க் குழாயை யாரோ இரும்பால் அடித்தார்கள்,
ஒரே அடி, கட்டிடம் முழுக்க அதிர.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
இரண்டாம் மாடி ஜும்பெர்.
அது கோபம்தான்.